அங்கை ஆர் இருக்கினம்?

ஜப்பானுக்குப் போகப்போகிறேன் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஜப்பானோ? அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஆரிட்டைப் போறியள்?"

எங்கள் ஆட்களின் உலகப்படமே வேறு. அதில் லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, ரொறன்ரோ எல்லாம் உண்டு. அங்கெல்லாம் ஒரு சித்தப்பாவோ மச்சாளோ இருப்பதால் உண்டு. சொந்தக்காரர் இல்லாத இடம் வெறும் கடல். நானும் அப்படிப் பயணம் செய்தவள்தான். பாரிசுக்குப் பல தடவை போயிருக்கிறேன், எல்லாம் கல்யாணத்துக்கு. அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தைக் காருக்குள் இருந்துதான் பார்த்தேன். அதுவும், மண்டபத்துக்குப் பிந்திவிட்டோம் என்று சத்தம்போட்டபடி கார் ஓட்டிய ஒன்றுவிட்ட தம்பியின் தோளுக்கு மேலால்.

அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கணவர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மகள் வேலை கிடைத்து வன்கூவருக்குப் போய்விட்டாள். மொன்ட்ரியாலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் மேல்மாடி வீட்டில் நான் தனியே இருந்தேன். பகலில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரி ஒன்றில் சமையல் வேலை. மாலையில் சாவி போட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்கும்.

ரொறன்ரோவில் இருந்த என் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. தன் வீட்டு பேஸ்மென்டுக்குப் பெயின்ட் அடித்து, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு, வந்து இரு என்று வாராவாரம் டெலிபோன் எடுத்தார்.

"அந்த வெளிப்படியிலை ஐஸ் வழுக்கி விழுந்தால் உன்னைத் தூக்க ஆர் இருக்கினம்? மொன்றியல்லை இனி உனக்கு ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. ஜூலை பிறந்தால் வாடகை ஒப்பந்தம் முடிந்து பாதி நகரம் வீடு மாறும் ஊர் இது. இன்னும் ஒரு வருடம் இருப்பேனா இல்லையா என்று, ஏப்ரல் முடிவதற்குள் கீழ்மாடியில் இருந்த இத்தாலிய வீட்டுக்காரருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் இதற்குள் எப்படி வந்தது என்றால், தாவரவியல் பூங்காவால் வந்தது. அதற்குள் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது, என் வீட்டில் இருந்து பஸ்ஸில் போகலாம். கணவர் போனபிறகு கோடைகாலங்களில் அங்கே போய்க் குளத்தடியில் உட்காருவேன். தெரிந்தவர்கள் ஒருவரும் வரமாட்டார்கள், "பாவம்" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அங்கே இருந்துதான் எனக்கு நானே ஒரு சோதனை வைத்தேன். ஒருவரையும் தெரியாத ஊரில் ஒரு முழு நாளை என்னால் சந்தோஷமாகக் கழிக்க முடிந்தால் மொன்ட்ரியாலிலேயே இருப்பேன். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பேஸ்மென்டுக்குப் போவேன்.

அடுக்கப் போனால் பெட்டி பாதிகூட நிரம்பவில்லை. மிளகாய்த்தூள் இல்லை, கருவாடு இல்லை, ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லி இன்னொருவர் தந்த பார்சல் இல்லை. வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாதவள் நான். கடைசியில் ஒரு பை நிறைய, வாரக்கணக்கில் கெடாத பருத்தித்துறைத் தட்டை வடையைச் சுட்டு வைத்துக்கொண்டேன். யாருக்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மகள் பதிவுசெய்து தந்த சிறிய விடுதி கியோட்டோவில் இருந்தது. முதல் இரண்டு நாளும் அந்தத் தெருமுனையை நான் தாண்டவில்லை. மூன்றாம் நாள் எனக்கே வெட்கம் வந்தது. வடைப் பையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு காலையிலேயே ரயில் ஏறினேன்.

முதலில் இறங்கியது சிவப்பு வாசல்கள் இருக்கும் மலையடிவாரம். வாசலுக்குப் பின் வாசலாக, நெருக்கி நெருக்கி நட்டு, மலை மேலே வளைந்து போகிறது பாதை. நுழைவிடத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள் காவல் இருந்தன. யார் கோயிலோ, எதற்கும் இருக்கட்டும் என்று சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வெயில் வாசல்களுக்கு நடுவால் கோடு கோடாக விழுந்தது. அந்த அழகைப் பார்த்ததும் வாய் தன்பாட்டில், கணவரிடம் சொல்வதுபோல, "இஞ்சை பாருங்கோப்பா" என்றது. திரும்பினேன். பின்னால் வாசல்தான் நின்றது.

கொஞ்சத் தூரம் ஏறியதும் திரும்பவும் அதையே சொன்னேன். திரும்பவும் வாசல்தான். படியில் உட்கார்ந்து அழுதேன். ஏறிவந்த ஒரு கிழவர் எனக்குக் கால் நோகிறது என்று நினைத்து, தன் ஊன்றுகோலை நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து கீழே இறங்கினேன். சோதனையில் காலையிலேயே கோட்டைவிட்டாயிற்று, விடுதிக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனால் கியோட்டோவுக்குப் போகும் ரயிலுக்கு முன்னால், எதிர்த்திசையில் நாரா என்ற ஊருக்குப் போகும் ரயில் வந்தது. வீரம் ஒன்றும் இல்லை, வந்த ரயிலில் ஏறினேன்.

நாராவில் மான்கள் தெருவில் திரிகின்றன. குனிந்து வணங்கும், பிறகு கைப்பையைப் பிடித்து இழுக்கும். என் வடையின் வாசம் அவற்றுக்குப் பிடித்துவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் பெரிய புத்தர் இருக்கும் மர மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தேன். புத்தர் அவ்வளவு பெரியவர்; அவருக்கு முன்னால் என் மூச்சிரைப்பு எனக்கே சிறுபிள்ளைத்தனமாக இருந்தது.

அவருக்குப் பின்னால் ஒரு தடித்த தூண். அதன் அடியில் சதுரமாக ஒரு ஓட்டை. அதற்குள்ளால் நுழைந்து மறுபக்கம் வந்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. சுற்றுலா வந்த பெண்கள் கூட்டம் ஒன்று, எல்லாரும் என் வயதுக்காரிகள், துணித் தொப்பி போட்டவர்கள், அதைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெலிந்த பெண் நுழைந்து வந்தாள். கைதட்டினார்கள். என்னைப் பார்த்து, நீயும் வா என்று சைகை காட்டினார்கள். இல்லை என்றேன். விடவில்லை. ஆசை யாரை விட்டது? பாஸ்போர்ட்டும் வடையும் இருந்த கைப்பையை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு முழங்காலில் குனிந்தேன். அண்ணை பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார்.

தலை போனது, தோள் போனது. இடுப்பு போகவில்லை. முன்னால் போனால் முட்டுது, பின்னால் போனால் உதைக்குது என்பார்களே, அந்த நிலைமை. முகத்துக்கு முன்னால் பழைய மரமும் இருட்டும். அந்த இருட்டுக்குள் அண்ணையின் குரல் தெளிவாகக் கேட்டது: தூக்க ஆர் இருக்கினம்? எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இப்படியே இறுகிக் கிடந்தால் மகளுக்கு யார் சொல்வார்கள், என்ன மொழியில் சொல்வார்கள்?

அப்போது நீட்டியிருந்த என் கைகளை யாரோ பிடித்தார்கள். ஒரு கையை ஒருத்தி, மறு கையை இன்னொருத்தி. பின்னால் வேறு இரண்டு கைகள் என் காலணிகளைத் தள்ளின. "யோய்ஷோ! யோய்ஷோ!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். எங்கள் ஐலசாதான், சந்தேகமே இல்லை. நானும் உள்ளே இருந்து "ஐலசா!" என்று கத்தினேன். இறுகின போத்தல் மூடி கழன்றதுபோல மறுபக்கம் வந்து விழுந்தேன். தரையில் கிடந்தபடியே சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். கணவர் போனபிறகு அப்படி நான் சிரித்ததே இல்லை.

வெளியே இருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்து வடைப் பையைப் பிரித்தேன். யாருக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. என் கைப்பையைக் காத்தவள் முதலில் கடித்தாள். கண் கலங்கி, "கராய்! கராய்!" என்றாள். காரம் என்பதைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு மொழிபெயர்க்க யாரும் வேண்டியிருக்கவில்லை. கராய் என்றபடியே இன்னொன்று எடுத்தாள். பிறகு ஒரு விரலை நிமிர்த்தி, என்னைக் காட்டி, தனியாகவா என்று கேட்டாள். தலையாட்டினேன். "பாவம்" என்ற முகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவள் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், கொடியோடு அவசரப்படுத்திக்கொண்டிருந்த வழிகாட்டியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அந்த முகத்தில் இருந்தது பச்சைப் பொறாமை. என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டு எத்தனை காலம்!

திரும்பும் வழியில் உஜி என்ற ஊரில் இறங்கினேன். இந்தத் தடவை நானாக நினைத்து இறங்கினேன். தெருவெல்லாம் தேயிலை வறுக்கும் மணம். ஆற்றங்கரையில், குளத்துக்கு நடுவே, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த ஒரு பழைய கோயில். சாயம் மங்கிப்போயிருந்தது. தண்ணீரில் அதன் நிழல் அசையாமல் கிடந்தது. குளத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் இல்லாதது இல்லாததுதான், அதை எந்த ஊரும் மாற்றாது. ஆனால் மத்தியானத்தில் இருந்து நான் ஒருதரமும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. காவலாளி வந்து பூட்டப்போகிறோம் என்று வணக்கம் சொல்லும்வரை இருந்து பார்த்தேன். எனக்காகத்தான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

மொன்ட்ரியாலுக்கு வந்தபோது வெளிப்படியில் ஐஸ் கரைந்து இரும்பு தெரிந்தது. பெட்டியை ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றினேன். உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் டெலிபோன் அடித்தது.

"வந்திட்டியோ? சுகமோ?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, நல்ல சுகம்."

"சரி, ஊர் பாத்தது காணும், இனிப் போதும். வீட்டுக்காரனுக்கு மாறுறன் எண்டு சொல்லிப்போடு. நான் வான் கொண்டு வாறன். மொன்றியல்லை இனி உனக்கு ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன் அண்ணை."

கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அந்தக் கட்டிலையும் பெயின்டையும் நினைக்க எனக்கு மனம் கனத்தது. அவர் கேட்டது வேறு.

"அப்ப கோடை விடுமுறைக்கு நாங்கள் அங்கை வாறம். எல்லாருக்கும் படுக்க இடம் காணுமோ?"

"காணும் அண்ணை, வாங்கோ" என்றேன்.