கிரேன்காரி பிள்ளைக்குப் பால் கொடுத்த கதை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லோரும் ‘மேலிடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவள் அவள். கம்பிக் கட்டு வேண்டுமா, கான்கிரீட் வாளி வேண்டுமா, “மேலிடத்துல கேளு” என்பார்கள். மேலிடம் மனது வைத்தால்தான் கீழே ஒரு துரும்பு நகரும்.

ஸ்டோரில் எடுபிடியாகச் சேர்ந்தவள், கிரேனை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே அதன்மேல் பித்தாகி, பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பி வந்தாள். முதல் நாள் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேதான் ஏறினாள். இப்போதோ, ஒரு பாளம் கண்ணாடியை இறக்கினால், பக்கத்தில் வைத்த டீ தளும்பாது. அவ்வளவு பக்குவமான கை.

அந்தக் கைக்குக் கண்ணாக இருந்தவர் சிக்னல்மேன். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் பாரம் எங்கே போய் உட்காருகிறது என்று ஓட்டுகிறவளுக்குப் பல சமயம் தெரியவே தெரியாது. கீழே ஒருவர் நின்று கையசைக்க வேண்டும். ஏற்று, இறக்கு, மெதுவாக, நில். அந்தக் கையை நம்பி நம்பியே கடைசியில் அவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். பிறகுதான் தெரிந்தது, நாள் முழுக்கக் கையால் பேசி அடக்கிவைத்த பேச்சையெல்லாம் மனிதர் வீட்டுக்கு வந்து தொண்டை கிழியப் பேசித் தீர்ப்பார் என்பது.

வயிறு கூண்டுக்குள் அடங்காமல் போனதும் இறங்கி வந்தாள். பெண் பிறந்தாள். ஆள் ஒரு கைப்பிடிதான். குரல் மட்டும் வேலைத்தளத்துச் சங்கு.

அந்தச் சங்குதான் இப்போது வீட்டில் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. பால் இல்லாமல் இல்லை. மார்பு கல்லாய்க் கனத்து, போட்ட சட்டையெல்லாம் நனைந்தது. ஆனால் குழந்தை வாய் வைத்த வேகத்தில் வழுக்கி விட்டுவிடும். திரும்பக் கவ்வினால் காம்பின் நுனியை மட்டும் பிடித்து இழுக்கும். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். வயிறு நிறையாத குழந்தை வீறிடும். அவளும் கூடவே அழுவாள்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பால் நல்லா இருக்கும்மா. புள்ளைதான் சரியா கவ்வல. நீங்க குனியாதீங்க, புள்ளையை உங்ககிட்ட கொண்டு வாங்க” என்று பிடித்துக் காட்டினார். அவர் இருந்தவரை சரியாகத்தான் இருந்தது. அவர் படியிறங்கியதும் பழைய கதை. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். “வாரக் கடைசியில வரேன். எடை ஏறலைன்னா வெளியிலேருந்து ஏதாவது குடுக்கத்தான் வேணும்.”

மாமியாரின் தங்கை அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு வாரக் கடைசி வரைக்கும்? இன்னைக்கே டப்பாப் பால் வாங்குங்க. உன் புருஷனே டப்பாப் பால் குடிச்சு வளந்தவன்தான். மலை மாதிரி நிக்கலையா?”

“மலை மாதிரி கத்தவும் செய்யறேனே சித்தி” என்றார் சிக்னல்மேன். ஆனால் அவருக்கும் மனது இளகித்தான் இருந்தது. “ஒரு பாட்டில் குடுத்தா என்ன? அது தூங்கும், நீயும் தூங்குவ.”

அவளுக்கு மனது வரவில்லை. அதை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே ஒரு தரம், ஏதோ அதிர்ஷ்டத்தில், குழந்தை வாய் நிறையக் கவ்வி நாலு மடக்கு குடித்தது. உள்ளே எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்து ஓடிவந்த மாதிரி இருந்தது. கிரேன் முதன்முதலில் அவள் கைக்கு அசைந்து கொடுத்த நாளில்கூட அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அது இன்னொரு தரம் வேண்டும். தினமும் வேண்டும்.

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“எனக்கும் இப்படித்தான்டி ஆளாளுக்குச் சுத்தி நின்னு யோசனை சொன்னீங்க. பதறிப் பதறியே நான் விட்டுட்டேன். கூட நின்னு கத்துக்குடுக்க ஒரு ஆள் இல்ல. இவளையாவது நிம்மதியா விடு. செருப்பை மாட்டு, கடைக்குப் போலாம்.”

“என்ன வாங்கணும்?”

“வழியில யோசிச்சுக்கலாம், வா.”

வாசல் கதவு சாத்தப்பட்டது. வீட்டில் மூன்றே பேர். குழந்தை விழித்துச் சங்கை ஊதத் தொடங்கியது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் சிக்னல்மேனுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். இன்று தன் அம்மாவே கடைக்குப் போய்விட்டதால் தப்பிக்க வழியில்லாமல் அறை வாசலில் நின்றார். நின்றவர் பார்த்தார். முதல்முறையாக, தொழில்காரர் கண்ணோடு பார்த்தார்.

அவள் முதுகை வில்லாக வளைத்து, மார்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மடியில் கிடந்த குழந்தையின் வாயைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

“ஏய், நீ என்ன பண்ற?” என்றார். குழந்தை தூக்கிவாரிப் போட்டு, பிடித்திருந்த நுனியையும் விட்டது. அவள் முறைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “லோடு பாட்டுக்குத் தரையில கிடக்குது. நீ கட்டடத்தை நகர்த்திட்டு இருக்க.”

அவள் குனிந்து தன்னையே பார்த்தாள். நர்ஸ் சொன்னபோது காதில் விழுந்து கையில் இறங்காதது, இப்போது சட்டென்று இறங்கியது. கட்டடம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். பாரம்தான் வர வேண்டும். இத்தனை வருஷம் வேறென்ன வேலை பார்த்தாள்? அழுத கண்ணோடே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தலையணையை முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்தாள். குழந்தையின் வயிறு தன் வயிற்றோடு ஒட்டத் திருப்பி அணைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழந்தை மறுபடி திடுக்கிட்டது.

“ஏங்க, வாயைத் திறந்தீங்கன்னா வெளிய அனுப்பிருவேன். எனக்கு இங்கேருந்து அவ வாய் தெரியல. கையைக் காட்டுங்க.”

சிக்னல்மேன் கட்டிலின் பக்கவாட்டில் போய், கால்களை அகட்டி, தளத்தில் நிற்பது போலவே நின்றார். வலது கை உயர்ந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தது: இன்னும் கீழே. அவள் குழந்தையை இறக்கினாள். மூக்கு காம்புக்கு நேரே வந்ததும் கை முஷ்டியாக மடங்கியது: நில்.

குழந்தை வாயைப் பாதி திறந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. முஷ்டி அசையவில்லை. குழந்தை நாக்கை நீட்டித் தேடியது, சிணுங்கியது. முஷ்டி அசையவில்லை. பாவி மனுஷன் என்று அவள் பல்லைக் கடித்த நொடியில் குழந்தை கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்க, கை சரேலென்று வீசியது.

அவள் கொண்டுவந்து சேர்த்தாள். முதலில் முகவாய் பதிந்தது, பிறகு வாய் முழுக்க.

சுருக்கென்று ஒரு கணம். அப்புறம் வலி இல்லை. வலியே இல்லை. அறையில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. மடக். கொஞ்சம் விட்டு இன்னொரு மடக். பிறகு விடாமல், தாளம் தப்பாமல். உள்ளே அந்த முடிச்சு அவிழ்ந்து ஓடிவந்தது. அடுத்த பக்கமும் தானாகப் பெருகிச் சேலையை நனைத்தது. இறுக்கி மூடியிருந்த குழந்தையின் கை, விரல் விரலாக விரிந்து அவள் மார்பில் படர்ந்தது.

“ஏங்க, குடிக்கிறா. நிஜமாவே குடிக்கிறா” என்று கிசுகிசுத்தாள்.

சிக்னல்மேன் கத்தக்கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்ததில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, அந்த வலியையும் ஊமையாகவே ஆடித் தீர்த்தார்.

கடையிலிருந்து திரும்பிய மாமியார் வாசலிலேயே திகைத்தார். “ஏன்டா, சத்தமே இல்ல?” மகன் உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார். போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மருமகள் வாயருகே பிடித்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். அவ்வளவு தாகம்.

பின்னாலேயே வந்த தங்கையும் பார்த்தார். “அடியம்மா, பிறந்ததிலேருந்து பட்டினி கிடந்தவ மாதிரில்ல இழுக்கறா” என்றவரின் கையில் துடைப்பம் ஒன்று புதிதாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டின் சட்டம் மாறியது. சமையல் மாமியார். துணி துவைப்பது சிக்னல்மேன். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே உட்காரவைத்து ஊர்க்கதை பேசி அனுப்புவது சித்தி. அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மேலிடத்துக்கு ஒரே வேலை: சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுப்பது.

வாரக் கடைசியில் நர்ஸ் வந்தார். தராசில் குழந்தையைக் கிடத்தி, எண்ணைப் பார்த்து, தராசைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். “ஏறியிருக்கும்மா, நல்லாவே ஏறியிருக்கு. எங்க, இப்ப ஒரு தரம் குடுங்க, பாக்கறேன்.”

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். சிக்னல்மேன் அவசரமாகத் தன் இடத்துக்குப் போய்க் காலை அகட்டி முஷ்டியை உயர்த்தினார். ஆனால் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தை வாயைத் திறந்தது, அவள் சேர்த்தாள், மடக் மடக் தொடங்கிவிட்டது. முஷ்டி அந்தரத்திலேயே நின்றது.

“சார் எதுக்குக் கையைத் தூக்கிட்டு நிக்கறார்?” என்றார் நர்ஸ்.

“அவருக்கு இங்க வேலை முடிஞ்சுதுங்க” என்றாள் மேலிடம், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு வாளித் துணி ஊறிட்டு இருக்கு. போகச் சொல்லுங்க.”