ரோசம்மாள் சொன்ன பெயர்

ரோசம்மாளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். கர்த்தரிடமே சண்டை பிடிக்கிறவள். "இத்தினி புள்ளைங்கள அனுப்பிச்சிட்டு அரிசிய எங்க வச்சிக்கினு இருக்கே?" என்று ஜெபத்தில் அவள் அதட்டும்போது, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் எங்களுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வரும். சிரித்தால் தலையில் குட்டு விழும். நாங்கள் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அதனால் இங்கேயும் அவள், இவள் என்றே எழுதுகிறேன்.

அது ஐம்பதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் இப்போதிருக்கும் புகைபோக்கிகள் ஒன்றுகூட அப்போது கிடையாது. ரயில் நிலையம், சந்தை, அதைத் தாண்டினால் நெல் வயல். மிஷனில் அம்மாவுக்கு பைபிள் அம்மா என்று பெயர். குடையும் பையுமாக ஊர் ஊராய் நடந்து பெண்களுக்கு வேதம் சொல்வது அவள் வேலை. அநாதைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது அந்த வேலையில் சேர்த்தி இல்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டாள். எளாவூரில் காலரா என் தாய் தகப்பனைக் கொண்டுபோனபோது என்னை இடுப்பில் தூக்கி வந்ததும் அவள்தான். அப்போது என் பெயர் கன்னியம்மா.

எங்களுக்குச் சோறு போட்டது பிடியரிசி. சபையார் வீடுகளில் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒரே பெட்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் சிவப்பரிசி. எல்லாம் ஒரே பானையில் வெந்தால் எப்படி இருக்கும்? ஒரு பருக்கை குழைந்திருக்கும், அடுத்த பருக்கை பல்லில் கடிபடும். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவளுக்கு இன்றைக்கும் ஒரே பதமாக வெந்த சோறு ருசிப்பதில்லை.

ஒரு மழைக்கால மத்தியானம் ஷேக் தாவூத் வந்தார். பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து எங்கள் சந்தையில் விற்கிறவர். வாசல் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கையில் ஐந்து வயது மகள் கமர் நிஷா.

"கிட்ட வராதீங்கக்கா. எனுக்கு டீ.பி. தாம்பரம் ஆஸ்பத்திரில எடம் குடுத்துக்கிறாங்க. இவளுக்கு அம்மாவும் இல்ல. சொந்தக்காரங்க ஊட்ல சேத்துக்க பயப்புடறாங்க."

"கொழந்தய உள்ள வுடுப்பா. மொகத்தப் பாத்தாலே பசின்னு தெரியுது."

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இவள உங்க வேதத்துல சேத்துடாதீங்க. நான் திரும்பி வந்தா எம்பொண்ணாவே எனுக்கு வேணும். சத்தியம் பண்ணுங்கக்கா."

"சத்தியம்லாம் எங்க வேதத்துல பண்ணக்கூடாது. சேக்கமாட்டேன்னா சேக்கமாட்டேன். போய் ஒடம்பப் பாத்துக்கோ."

சொன்ன சொல்லோடு அவள் நிற்கவில்லை. பள்ளிவாசல் தெருவில் மெஹர்னிசா என்றொரு அம்மாள் சிறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். தினமும் சாயங்காலம் கமர் நிஷாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டு, குழந்தை ஓதி முடிக்கும்வரை அம்மா வாசலில் உட்கார்ந்து எங்கள் கிழிசல்களைத் தைப்பாள். பைபிள் அம்மா பள்ளிவாசல் தெருவில் என்ன செய்கிறாள் என்று அந்தத் தெருவுக்கும் சந்தேகம், எங்கள் சபைக்கும் சந்தேகம். "சம்பளம் இங்க, ஊழியம் அங்கியா?" என்று காதுபடவே கேட்டார்கள். அம்மா திருப்பிக் கேட்டதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஞானஸ்நானம் என்று ஏற்பாடானது. மதராஸிலிருந்து மிஷன் பெரியவர் ஒருவர் வருகிறார். பெண் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளை கவுன் தைத்தார்கள். கமர் நிஷாவுக்கு மட்டும் இல்லை. இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் சாப்பிடவில்லை. போதகர் ஆசீர்வாதம் ஐயாவுக்கு மனசு இளகியது. கெட்ட மனிதர் இல்லை அவர். ஆத்துமாக்கள் மேல் கொஞ்சம் அவசரம், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியாமல் இன்னொரு கவுன் தைக்கச் சொல்லி, அந்த ஞாயிறு காலையில் கமர் நிஷாவுக்குப் போட்டுவிட்டு எங்கள் வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டார்.

அம்மா முன்னால் நின்றாள். தாய் தகப்பன் இல்லாத எங்கள் எல்லோருக்கும் ஞானத்தாய் அவள்தான். போதகர் "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்" என்பார், ஞானத்தாய் பெயரைச் சொல்வாள், தண்ணீர் விழும். நான் கன்னியம்மாவாகப் போய் மேரியாகத் திரும்பி வந்தேன். ஒவ்வொருவராக முடிந்து கடைசியில் கமர் நிஷா. அப்போதுதான் அம்மா அவளைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

மிஷன் பெரியவர் சிரித்த முகமாகக் காத்திருந்தார். அம்மாவின் சம்பளம் அவர் கையில், நாங்கள் படுத்துறங்கும் ஓட்டு வீடும் அவர் கையில். ஒரு எஸ்தர் என்றோ ஒரு ரூத் என்றோ சொன்னால் போதும்.

"கமர் நிஷா," என்றாள் அம்மா. ஆலயம் முழுக்கக் கேட்டது. "தாவூத் பாய் பொண்ணு. அவங்க வாப்பா வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்குறா."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். போதகரின் நனைந்த கை அந்தரத்தில் நின்றது. கவுனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து கமர் நிஷா போட்ட கூச்சல் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். "கவுனு உன்னுதுதாண்டி, யாரும் எடுக்கமாட்டாங்க. கத்தாதே!" என்று முதுகில் ஒன்று போட்டபடி அம்மா வெளியே போனாள்.

பெரியவர் சாப்பிடாமலே ரயிலேறிவிட்டார். அம்மாவின் வேலை போய்விடும் என்று பேச்சு. அதற்கடுத்த ஞாயிறு பிடியரிசிப் பெட்டியின் அடி தெரிந்தது. ஆத்துமாவைத் தடுத்தவளுக்கு அரிசி எதற்கு என்று சபையில் பல வீடுகளுக்குக் கோபம். அந்த வாரம் எங்களுக்குக் கஞ்சிதான், அதுவும் வெறும் தண்ணீர்க் கஞ்சி. அம்மா ஜெபத்தில் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம். மெஹர்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படலைத் திறந்தார். பின்னால் ஒருவர் தலையில் அரிசி மூட்டை.

"எங்க தெருவுல சொல்லிட்டேன் ரோசம்மா. உலை வைக்கும்போது ஆளுக்கு ஒரு புடி. நீங்க செய்ற மாரியேதான். எந்த அரிசின்னு கேக்காதே, எல்லாம் கலந்துதான் இருக்கும்."

அம்மா மூட்டைக்குள் கையை விட்டாள். அப்படியே அழுதுவிட்டாள். அவள் அழுது நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சேதி ஆசீர்வாதம் ஐயா காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஞாயிறு பிரசங்கத்தில் வேதவசனத்தை விட்டு இறங்கிவிட்டார். "பள்ளிவாசல் தெருவுலேர்ந்து நம்ம புள்ளைங்களுக்கு அரிசி வருது. நம்ம ஊட்டு அரிசி எங்க போச்சு?" என்று கேட்டு, தன் வீட்டுப் பிடியைத் தானே கொண்டுவந்து பெட்டியில் கொட்டினார். அதற்கப்புறம் அம்மாவின் வேலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பானையில் இன்னும் இரண்டு வகை அரிசி கூடியது.

தாவூத் பாய் மறு வருஷம் வந்தார். சதை கொஞ்சம் பிடித்திருந்தது, இருமல் இல்லை. ஆனால் முகம் சரியில்லை. மகளுக்கு வெள்ளை கவுன் போட்டு ஆலயத்தில் நிறுத்தினார்கள் என்று யாரோ ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மனிதர் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாரோ! அன்று நின்ற அதே இடத்தில் படலுக்கு வெளியே நின்றார்.

கமர் நிஷா அதே கவுனோடு ஓடிவந்தாள். முழங்காலுக்கு மேல் ஏறிவிட்ட கவுன். பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நல்லவேளை, கோபப்படவில்லை. "எங்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம். உம்பொண்ணையே கேளு, பேர் இன்னான்னு."

"பேர் என்னம்மா?" என்று குனிந்து கேட்டார்.

எலும்பும் தோலுமாகப் போன வாப்பாவைத்தான் அவளுக்கு ஞாபகம், இவரை அடையாளம் தெரியவில்லை. யாரோ விருந்தாளி என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, அன்று ஆலயத்தில் கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்.

"கமர் நிஷா. தாவூத் பாய் பொண்ணு. எங்க வாப்பா வர்ற வரைக்கும் அம்மாகிட்ட இருக்குறேன்."

தாவூத் பாய் படலைத் திறந்துகொண்டு முதல் முறையாக உள்ளே வந்தார்.