ஆனியில் காய்ச்சிய பால்

வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறேன், ஏதாவது சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், வாடகை தராதவரைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. அவரைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. எனக்குப் பயமெல்லாம் வேறொருவரிடம். ஒன்றாம் தேதி பிறந்ததும் வாடகையைப் போட்டுவிடுவார். பார்த்த இடத்தில் கும்பிடு போடுவார். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் வீடு தேடி வரும். காலி மட்டும் செய்ய மாட்டார். அப்படி ஒருவர் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இருந்தார்.

அது பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்வீடு. நானும் என் கணவரும் சம்பாதித்த காலத்தில் வாங்கியது. ஓய்வு பெற்றதும் கடல் காற்று வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததால் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, கொட்டிவாக்கத்தில் மூன்றாம் மாடியில் நாங்கள் வாடகைக்குப் போனோம். லிப்ட் கிடையாது. மாடி ஏறினால் உடம்புக்கு நல்லது என்றார். ஒரு மழை நாளில் அந்தப் படியிலேயே வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அதன் பிறகு அவர் படியில் கால் வைக்கவே மறுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். "தேர்த் திருவிழாவுல மாதாவைத் தூக்கற மாதிரி தூக்குறாங்க டீச்சர். பேண்டு செட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்பார். பள்ளிக்கூடத்தை விட்டு நான் வந்த பிறகும் அவருக்கு நான் டீச்சர்தான். நானும் சிரிப்பேன். திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்போது எனக்குச் சிரிப்பு வராது.

கல்யாணமான நாளிலிருந்து காலைப் பால் வாங்குவது அவர் வேலை. விடிந்ததும் ஒயர் கூடையோடு கிளம்பி, பால் பாக்கெட்டோடு தெருச் சேதியையும் வாங்கி வருவார். இப்போது பால் கதவில் வந்து தொங்கியது. அதை எடுக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. "இப்படியே ஹாலுக்குள்ளயே வெச்சிருந்தீங்கன்னா கால் நடக்கறதையே மறந்துடும்மா. தெருவுல இறங்கி நடக்கணும்" என்றார் டாக்டர். வேறு கீழ்வீடு பார்க்கலாமே என்றார்கள் தெரிந்தவர்கள். பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கீழ்த்தளமெல்லாம் கார் நிறுத்தத்தான்.

சொந்தக் கீழ்வீடு ஒன்று இருக்கும்போது நான் ஏன் கார்களோடு போட்டி போட வேண்டும்? மயிலாப்பூருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். குடியிருந்தவர் தரமணியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் உண்டு. "ஐயோ, அங்கிளுக்கா? கண்டிப்பா காலி பண்றோம் ஆன்ட்டி" என்றார். மனம் குளிர்ந்துவிட்டது. எழுந்து வரும்போதுதான், "ஆனா இது புரட்டாசி. நாங்க வீடு மாத்த மாட்டோம்" என்றார்.

சரி, சாமி விஷயம். நாங்கள் சாந்தோம் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அடுத்தவர் சாஸ்திரத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். பேசாமல் வந்தேன். ஐப்பசியில் மழை. கார்த்திகையில் வீடு அமையவில்லை. மார்கழியில் கேட்கவே வேண்டாம். தையில் குழந்தைக்குப் பரீட்சை. மாசி ஆகாது, பங்குனி ஆகவே ஆகாது. சித்திரையில் கத்திரி வெயில். வைகாசியில் அவர் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பானாம். நான் அத்தனை நெய்யையும் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தது. புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வந்து, "சும்மா ஃபார்மாலிட்டிதான் ஆன்ட்டி" என்று பேனாவைத் திறந்தே நீட்டினார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போடமாட்டேன் என்றேன். புதிதாக வீட்டுக்காரர் ஆகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். முகத்துக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு வேண்டும் என்பதையும், ஏன், எப்போது என்பதையும் எழுத்தில் கொடுங்கள். வாங்கிய அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. கேட்ட அன்றே திருப்பித் தர முடிந்தால்தான் வீட்டைக் கேட்க உங்கள் வாய்க்குத் தெம்பு வரும்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீலிடமும் போனேன். நியாயம் உங்கள் பக்கம்தான், வழக்குப் போடலாம், ஆனால் நாளாகும் என்றார். எங்களிடம் இல்லாதது அந்த நாள்தான்.

மயிலாப்பூர்த் தரகர் ஒருவர் சுருக்கு வழி சொன்னார். "இன்னாத்துக்குமா இப்டி அலையற? மீட்டர் பொட்டி வெளியலதான கீது. ஃபீஸ் கட்டையப் புடுங்கி இடுப்புல சொருவிக்கினு போய்க்கினே இரு. ரெண்டு நாள்ல தானா ஓடுவான்." உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் என் கை பரபரத்தது. அந்த வீட்டில் குழந்தை இருக்கிறது. விசிறி நின்றால் முதலில் அழப்போவது அதுதான். அதோடு, அவர் இத்தனை நாள் செய்த தவறெல்லாம் அந்த ஒரு ஃபீஸ் கட்டையில் என் தவறாக மாறிவிடும். "அந்த வேலைக்கு வேற ஆளைப் பாருங்க. எனக்கு வீடு காட்டுங்க, அது போதும்" என்றேன்.

ஆமாம், அவருக்கு நானே வீடு தேடினேன். வீடு அமையவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கும்வரை என் கணவர் ஹாலில்தான் நடப்பார். ஆனி மாத வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக ஏறி இறங்கினேன். பள்ளி வேன் வரவேண்டும், வாடகை இதே அளவில் இருக்கவேண்டும், தண்ணீர் நன்றாக வரவேண்டும். என் பெண்ணுக்குக்கூட இவ்வளவு கவனமாக மாப்பிள்ளை பார்க்கவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இரண்டு தெரு தள்ளி முதல் மாடியில் ஒரு வீடு அமைந்தது. அவர் மனைவி போய்ப் பார்த்துவிட்டு, பால்கனி நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அவள் கணவர்தான் மெல்லச் சொன்னார்: "வீடு ஓகே ஆன்ட்டி. ஆனா அது காலியாகி, பெயின்ட் அடிச்சுக் குடுக்கறதுக்குள்ள ஆடி பொறந்துடும். ஆடில யாராவது வீடு மாத்துவாங்களா? ஆவணில கண்டிப்பா."

நேரே மாடி ஏறினேன். அதே மயிலாப்பூர்க் கட்டடத்தில் எங்கள் கீழ்வீட்டுக்கு நேர் மேல் வீடு என் சிநேகிதியுடையது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்தான். ஆடியைப் பற்றிச் சொல்லிப் பொருமினேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"ஆடில குடி போகப்படாதுன்னு சொல்றது வாஸ்தவந்தான். அதுக்குத்தான் ஆனியிலயே நல்ல நாளாப் பாத்து, அந்தாத்துல ஒரு சொட்டுப் பாலைக் காய்ச்சிட்டு வந்துடறது. அதோட குடி போனதாச்சு. அப்பறம் சாமானை ஆடில எடுத்துண்டு போனா யார் கேக்கப் போறா? மாசி ஆகாது, பங்குனி ஆகாதுங்கறதெல்லாம் புதுசா வீடு கட்டிண்டு போறவாளுக்கு. வாடகை ஆத்துக்கு எவன் அதெல்லாம் பாத்தான்? இதை நீ என்னைப் புரட்டாசியிலேயே கேட்டிருக்கலாமோல்லியோ?"

கேட்டிருக்கலாம்தான். அடுத்தவர் சாமி விஷயம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தது மரியாதை என்று நினைத்தேன். அந்த மரியாதைக்குள் அவர் சௌகரியமாகக் குடியிருந்தார்.

மறுநாள் ஒரு தினசரிக் காலண்டர் வாங்கினேன். ஆனி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் காலையிலேயே வந்தது. அந்த முதல் மாடி வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லி, இருந்தவர்கள் காலி செய்த கையோடு, பெயின்ட் அடிக்கும் முன்பே அரை மணி நேரத்துக்குச் சாவி வாங்கிக்கொண்டேன். ஒரு புதுப் பாத்திரமும் வாங்கி, கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. பாலைக் காய்ச்சிட்டு வந்துடுங்க தம்பி. குடி போனதா ஆயிடும். சாமானை மெதுவா ஆடியில எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "ஆன்ட்டி, இதெல்லாம் உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தார். பதில் உள்ளே இருந்து வந்தது. "எங்கம்மாவும் இதைத்தான் சொன்னாங்க. நீங்கதான் காதுலயே வாங்கல" என்றாள் அவர் மனைவி. வெளியே வந்து பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீடு காலி செய்யும் பேச்சை இத்தனை நாள் தப்பான ஆளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை பால் பொங்கி வழிந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் மனைவி முதல் தம்ளரை எனக்குக் கொடுத்தாள். உள்ளூர எனக்கு அவர்கள்மேல் வன்மம் இருந்தது. அந்தத் தம்ளரோடு அதில் பாதி போய்விட்டது. மீதி, அவர்கள் ஆடி இரண்டாம் வாரம் சாவியைக் கொடுத்து, நான் அட்வான்ஸைக் கையில் வைத்தபோது போனது.

நாங்களும் அதே ஆடியில் வந்தோம். யாருமே வீடு மாற்றாத மாதம் என்பதால் லாரிக்காரர் கேட்டவுடன் வந்தார். என் கணவரைக் கடைசியாக ஒருமுறை நாற்காலியில் தூக்கி இறக்கினார்கள். இந்த முறை அவர் மாதாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. ஹாலில் இல்லை, குளியலறையில் இல்லை. வாசல் கேட் திறந்து கிடந்தது. விழுந்துவிட்டார் என்றே நினைத்து, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். வாக்கரை ஒரு அடி தள்ளுவார், நிற்பார், மறுபடி ஒரு அடி தள்ளுவார். வாக்கரில் ஒயர் கூடை தொங்கியது. அதற்குள் பால் பாக்கெட்.

"என்ன டீச்சர், அழுவுற? குடி வந்தா பால் காய்ச்ச வேணாமா?" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஆடியில காய்ச்சக் கூடாதாம்" என்றேன்.

"நமக்குத்தான் ஆடியே கிடையாதே."

கூடையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அடுப்படி வரைக்கும் அவரே கொண்டுவந்து வைத்தார்.