மாப்பிள்ளைக் குதிரையின் தீனி

காலை ஆறு மணி இருபது. ஜன்னலைத் திறந்ததும் முதலில் தெரிந்தது குதிரை நின்ற விதம். முன்கால் இரண்டையும் எட்டி நீட்டி, உடம்பு முழுவதையும் பின்னங்கால்களில் சாய்த்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன.

எழுபதுகளின் கடைசியில் அரியலூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தேன். ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புவது வேலை. வீட்டுக்காரரான பாய்க்கு அந்த வெள்ளைக் குதிரைதான் பிழைப்பு. மாப்பிள்ளை அழைப்புக்குக் கீழப்பழுவூர் வரை அதைத்தான் கூப்பிடுவார்கள். போகிற இடமெல்லாம் தட்டு தட்டாக வெல்லம், ஊறிய கொள்ளு, சர்க்கரைப் பொங்கல். மற்ற நாட்களில் கொட்டகையைவிட்டு நகராது. பிடரிச் சதை தடித்து ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. பாய்க்கு அதில் பெருமை.

அன்று பாய் கூட்டிவந்த கால்நடை டாக்டர் பிடரியை அழுத்திப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. முன் குளம்புகள் சுட்டன. இவ்வளவு கொழுத்த உடம்பால் இனிப்பைச் சமாளிக்க முடியாது, கேடு குளம்புக்குள் வீக்கமாக இறங்கிவிடும் என்றார். தண்ணீரில் ஊறவைத்து அலசிய காய்ந்த புல் மட்டும், அதுவும் அளவாகக் கொடுக்கச் சொன்னார்.

"பட்டினி போடச் சொல்றீங்களே, சார்."

"இப்படியே தீனி போட்டா நிக்கக் கால் இருக்காது, பாய்."

பாய் அப்படியே செய்தார். முகூர்த்தமில்லாத மார்கழி அதற்கு வசதியாக இருந்தது. தை பிறந்தபோது குதிரை இளைத்து, நொண்டாமல் நடந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் வீட்டார் பார்க்க வந்தார்கள். பெரியவர் ஒருவர் சுற்றிவந்து விலாவைத் தொட்டார்.

"மாப்பிள்ளைய இது சுமக்கணுமா, மாப்பிள்ளை இத சுமக்கணுமா பாய்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்து வந்தவர்களும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது வீட்டார் திருச்சிக்குப் போய்க் குதிரை பேசினார்கள்.

மாசியில் பாய் மறுபடி கொள்ளு ஊறப்போட்டார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"தெரியும் சார். இந்த எலும்பக் கட்டி வச்சிக்கிட்டு நான் எந்த வாசல்ல போயி நிக்கிறது?"

குதிரை பழையபடி கொழுத்து உருண்டது. பங்குனியில் உள்ளூரிலேயே ஒரு கல்யாணம் அமைந்தது. சாயங்காலம் மேளத்தோடு கிளம்பி, கடைவீதித் திருப்பத்தில் நின்றது. முன்கால்கள் நீண்டன. பாய் கயிற்றை இழுத்தார். பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டு அதன் கழுத்தில் கைவைத்து நின்றார். பெண் வீட்டுக்காரர் ஒருவர் வெல்லக்கட்டியை அதன் வாயில் திணித்தார். அது மென்றது, அடி எடுத்து வைக்கவில்லை.

மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்கு நடந்துபோனார். குதிரையை மறுநாள் மத்தியானம் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.