பாட்டுக்குக் கத்தரி வைத்தவர்

சினிமாவில் காடு வந்துவிட்டால் ஒலிக்காரருக்கு வேலை வந்துவிடும். "ஆப்பிரிக்கா வேணும்" என்று இசையமைப்பாளர் போன் போடுவார். ஒலிக்காரர் ரெண்டு முரசு, நாலு தடியன்களின் "ஓயா ஓயா", கொஞ்சம் எதிரொலி எல்லாம் சேர்த்து ஒரு கண்டத்தையே பொட்டலம் கட்டி அனுப்பிவிடுவார். அந்தக் கண்டத்தில் எத்தனை நாடு என்று யாராவது கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். கழுத்தில் ஹெட்போனை மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார். உப்புக் குறைந்தால் "லெவல் கம்மி" என்பார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிடுவதோடு சரி.

அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். மிஷினைத் தவிர பேச்சுத்துணை கிடையாது. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் மாடிக்குக் குடிவந்த பிறகுதான் அது மாறியது. கடல் தாண்டி வந்தவள். தன் நாட்டின் பெயரை ஒலிக்காரரிடம் பல தடவை சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள். அவர் வாய்க்கு அவள் "ஆப்பிரிக்காக்காரி"தான்.

மாடி நடையில் துணி துவைக்கும்போது அவள் பாடுவாள். நெஞ்சிலிருந்து கிளம்பும் குரல் சட்டென்று ஒடிந்து உச்சந்தலைக்குத் தாவும். பாத்திரம் நிரம்பும்போது தண்ணீரின் சத்தம் மேலேறுமே, அந்த மாதிரி. ஒருத்தி அழைக்க வேண்டும், இன்னொருத்தி பதில் கொடுக்க வேண்டும். தையல்காரி பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டாள்.

"அக்கா, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. இழுத்துக்கிட்டு இருக்கும்போதே உள்ள வந்துடணும்."

"நடுவுல புகுந்தா மரியாதையா இருக்காதேம்மா?"

"காத்திருந்தாதான் மரியாதை இல்ல. என்னைத் தனியா விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஒலிக்காரர் அதைப் பதிவு செய்துகொண்டார். படம் வந்ததும் பாஸ் வாங்கி, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரையில் கதாநாயகனைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கழுத்தில் பல் மாலை போட்டவர்கள் ஈட்டியோடு சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். அப்போது மாடிக்காரியின் குரல் எழுந்தது. முடிந்தது. ஒரு இடைவெளி. அதன் பிறகு தையல்காரியின் குரல். மறுபடி இடைவெளி. "எப்படி?" என்று ஒலிக்காரர் முழங்கையால் இடித்தார். மாடிக்காரி திரையைப் பார்க்கவில்லை, தையல்காரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டர் வாசலில் சொன்னாள்: "அது பிள்ளையைக் குளிப்பாட்டுற பாட்டு. அது போகட்டும். நீங்க காத்திருந்தீங்களே அக்கா." வேறு பஸ் பிடித்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மாடியில் துணி மட்டும்தான் துவைபட்டது. தையல்காரிக்கு எந்தச் சட்டைக்கும் கை சரியாகப் பொருந்தவில்லை.

"பாட்டை என்னங்க பண்ணீங்க?"

"சரி பண்ணேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பாடி வெச்சிருந்தீங்க. வெட்டி, இடம் விட்டு, வரிசையா வெச்சேன். நீ எனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்."

"ரெண்டு துணியை ஓரத்தோட ஓரம் வெச்சுத் தெச்சா நிக்குமா? ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாத்தானே தையல் பிடிக்கும்?"

"பாவாடைக்கு ஓரம் அடிக்கிறவ எனக்கு மியூசிக் சொல்லித்தர்றியா? போ, போய் மேல இன்னொரு பாட்டு கேட்டு வாங்கிட்டு வா. அடுத்த படத்துல பேய் வருது."

அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியேறினாள். மாடிக்காரி சோப்பு நுரைக் கையோடு நிமிர்ந்தாள்.

"ஒரு தடவை பாடும்மா."

"எதுக்கு, ரெக்கார்டு பண்ணவா?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "நீ கூப்பிடு. நான் எங்க வந்து சேர்றேன்னு மட்டும் பாரு."

மாடிக்காரி நுரையை அலசி, துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, வேண்டாவெறுப்பாகத்தான், அழைத்தாள். குரல் உச்சிக்குத் தாவிய அந்த இடத்திலேயே தையல்காரி உள்ளே போய்விட்டாள். மாடிக்காரியின் புருவம் உயர்ந்தது. நிறுத்தாமல் இன்னும் இழுத்தாள். கீழே கிடந்த குரலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அப்போ படத்துல?"

"கத்தரி வெச்ச ஆளு கீழ இருக்காரு. காதுல மூடி போட்டுக்கிட்டு."

மாடிக்காரி சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எடுத்தாள். தையல்காரி சேர்ந்ததுதான் தாமதம், கீழேயிருந்து கத்தல் வந்தது: "ஏறாதே! ஏறாதே! ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர்!"

எட்டிப் பார்த்தார்கள். ஒட்டடைக் கம்பு நுனியில் மைக்கைக் கட்டி, மாங்காய் பறிக்கிறவர் மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நின்றார் ஒலிக்காரர். காதில் ஹெட்போன்.

தையல்காரி அழுக்குத் தண்ணீர் வாளியின் பிடியில் கை வைத்தாள். அவள் தூக்கும் முன்பே மாடிக்காரியின் கை அடியில் வந்து சேர்ந்துவிட்டது. வாளி தரையில் உரசிய சத்தம் அவருக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கும். நல்ல தாளம் என்று நினைத்திருப்பார்.