எட்டு அகலக் கதவுகள்

தராசக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது மீன் சந்தை. கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்கும் அரசு ஆய்வாளராக அவருக்கு இருபத்தொன்பது வருடச் சர்வீஸ். தெருமுனையில் அவருடைய சாம்பல் நிறப் பை தெரிந்தாலே போதும், "தராசக்கா வருதுடோய்!" என்று ஒரு குரல் கிளம்பும். தராசுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தமும் ஈயத் துண்டும் மாயமாகிவிடும். அதனால் ஒரே வழியில் இரண்டாம் முறை அவர் வருவதில்லை. ஒருநாள் பின்வாசல் வழியாக வருவார். ஒருநாள் ஐஸ் வண்டியில் வந்து இறங்குவார். சொல்லாமல் போய் நிற்பதுதான் அவர் தொழில். சொல்லிவிட்டுப் போனால் உலகத்துத் தராசெல்லாம் யோக்கியமாகத்தான் நிற்கும் என்பார்.

அந்தத் தொழில் அவர் பின்னாலேயே வீட்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. வாங்கிவந்த ரொட்டியை நிறுத்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவார். டாக்டர் எடை பார்க்கச் சொன்னால், முதலில் டாக்டரின் மெஷினை இவர் சோதிப்பார். ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை தன் வயது "சுமாரா முப்பத்திரண்டு" என்றாராம். அந்தச் சுமாரிலேயே சம்பந்தம் முறிந்தது.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். பத்தொன்பது வயதில் தங்கையின் மேல் ஒரு லாரி ஏறியது. அன்று முதல் சக்கர நாற்காலி. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பதினோரு வருடமாக ஓர் உல்லாசக் கப்பல் கம்பெனியின் சீருடை வேலை அவளுக்கு வருகிறது. சிப்பந்திகளின் கால்சட்டைக்கு அடி மடித்துத் தைக்க வேண்டும். சமையல்காரரின் இடுப்பு வருடா வருடம் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். கப்பலைத்தான் பார்த்ததில்லை.

"இத்தனை காலுக்குத் தைச்சிருக்கேன்க்கா. அந்தக் காலெல்லாம் எங்க நடக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வரணும்" என்றாள் ஒருநாள். இருபது வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். தராசக்கா அன்றே லீவு கணக்கைப் பார்த்தார்.

புதன்கிழமை இருவரும் பயண முகவரின் ஆபீசுக்குப் போனார்கள். புழுக்கத்திலும் கழுத்தை இறுக்கி டை கட்டுகிறவர் என்பதால் தெருவில் அவருக்கு டைக்காரர் என்று பெயர். ஒற்றை மேசை, ஒற்றை மின்விசிறி, சுவரில் காகிதத்தில் செய்த ஒரு கப்பல்.

"அடுத்த மாசம் இவ தைக்கிற கம்பெனியோட கப்பல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் தராசக்கா.

"அடுத்த மாசத்துக்கு வேண்டாம் மேடம். பதினாலு மாசம் கழிச்சு ஒண்ணு இருக்கு, அதுக்கு இப்பவே எழுதிடுங்க."

"பதினாலு மாசமா? அதுக்குள்ள கப்பல் இருக்கோ, நீங்க இருக்கீங்களோ!"

டைக்காரர் சிரித்தார். கப்பலின் வரைபடத்தை விரித்து விரல் வைத்துக் காட்டினார். முன்கூட்டி எழுதுகிறவர்களுக்குக் கட்டணம் குறைவு. நடுப்பகுதியில் அறை எடுக்கலாம், அங்கே ஆட்டம் குறைவு. சாப்பாட்டுக்கு எந்த நேரப் பந்தி வேண்டும் என்றுகூடக் கேட்டு வாங்கலாம். தராசக்கா ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார், ஈரமான மீனைத் தராசில் வைக்கிறவனின் விரலைக் கவனிப்பதுபோல.

"இதெல்லாம் மத்தவங்களுக்கு" என்று டைக்காரர் தங்கையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு விஷயமே வேற. கப்பல்ல ஆயிரத்து நூறு அறை. நாற்காலி நுழையற அகலக் கதவு உள்ளது எட்டே எட்டு. இந்தப் பயணத்துக்கு அதுல ரெண்டுதான் மிச்சம்."

தராசக்காவின் புருவம் உயர்ந்தது. "ரெண்டுதான் மிச்சமா? சந்தையில எந்தக் கடைக்குப் போனாலும் கடைசி ரெண்டு கிலோதான் இருக்கும் எனக்கு. யோசிச்சுச் சொல்றோம்."

தங்கை வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே நாற்காலியைத் திருப்பினாள்.

மறுநாள் காலை ஆபீசில் தராசக்கா தன் வழக்கமான சோதனையை நடத்தினார். ஒரு கடையின் மேல் சந்தேகம் வந்தால் வேறொருவரை வாடிக்கையாளர்போல் அனுப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். பக்கத்து மேசைக்காரர், ஆபீசே மீசை என்று கூப்பிடுகிறவர், இதில் கெட்டிக்காரர். குமாஸ்தாவாக இருந்தாலும் அரை டஜன் கசாப்புக் கடைகளில் அப்பாவிபோல் கறி வாங்கியவர். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு டைக்காரருக்கு டயல் செய்தார்.

"சார், எங்கம்மாவால நடக்க முடியாது. பதினாலு மாசம் கழிச்சுப் போற கப்பல்ல அகலக் கதவு ரூம் ஏதும் இருக்குங்களா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. உங்க நம்பரக் குடுங்க."

தராசக்கா ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினார். மீசை அதைப் படித்தார்: "நேத்தியிலிருந்து யாராச்சும் வாங்கியிருக்காங்களா சார்?"

"இல்லீங்க, யாரும் வாங்கல."

ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிட்டு மீசை ரிசீவரை வைத்தார். "மாட்டிக்கிட்டார்" என்றார் தராசக்கா. "நேத்து ரெண்டு, இன்னிக்கு ஒண்ணு. யாரும் வாங்கல. அப்ப இன்னொண்ணு என்ன நடந்தா போச்சு?"

மீசை மீசையைத் தடவினார். "பொய் சொல்ற குரலாத் தெரியலையேக்கா."

"தராசுக்கு மட்டும் பொய் சொல்ற மூஞ்சியா இருக்கு?"

அன்று பிற்பகலே டைக்காரருக்குப் போன் போட்டு, எங்களுக்கு வேண்டாம், பெயர் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள் என்றார். எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, "சரிங்க மேடம்."

வீட்டுக்கு வந்து, ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த கதையாகத் தங்கையிடம் சொன்னார். தையல் மெஷின் நின்றது.

"வேண்டாம்னே சொல்லிட்டியா?"

"பின்ன? ஏமாத்தறவன்கிட்டப் போய்…"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, ஏன் ஒண்ணு குறைஞ்சுதுன்னு?"

"கேட்டா உஷாராயிடுவான்டி."

தங்கை கால்சட்டையை மடித்து வைத்தாள். அவள் குரல் ஏறவில்லை. "போய்ப் பாத்துக்கலாம்னு என்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போன நீ? தியேட்டருக்குப் போனோம், பதினெட்டுப் படி. திரும்பி வந்தோம். உன் ஆபீசர் மகள் கல்யாணத்துக்குப் போனோம், நாலு பேர் பீரோ மாதிரி என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. ஒருத்தர் 'பாத்து, இடிச்சிடப் போகுது'ன்னார். இடிச்சிடப் போகுதாம்! நீ சொல்லாமப் போய் நிக்கலாம்க்கா. உனக்கு எல்லாக் கதவும் தொறக்கும். நான் சொல்லிட்டுத்தான் போகணும். சொல்லலைன்னா எனக்குக் கதவே கிடையாது."

தராசக்கா அன்று இரவுச் சாப்பாட்டில் ரொட்டியை நிறுக்கவும் மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், சொல்லாமல் கொள்ளாமல், டைக்காரரின் முன்னால் போய் நின்றார். சந்தேகம் அப்போதும் போகவில்லை. சோதித்தே ஆகவேண்டும் என்ற வெறிதான் கூடியிருந்தது.

"புதன்கிழமை ரெண்டுன்னீங்க. வியாழக்கிழமை வேற ஒருத்தர்கிட்ட ஒண்ணுன்னீங்க. யாரும் வாங்கலைன்னும் சொன்னீங்க. ஒண்ணு எங்க போச்சு?"

வேறு ஒருவரிடம் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும் என்று டைக்காரர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். புதன்கிழமை, பதினொன்று நாற்பதுக்கு, ஓர் அறையை மூன்று நாளைக்கு வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். எதிரே தங்கையின் பெயர்.

"நீங்க வாசலத் தாண்டறதுக்குள்ள ஒதுக்கிட்டேன். அதான் ஒண்ணு குறைஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் வியாபாரத் தந்திரம்னுதானே சொல்லியிருப்பீங்க?"

தராசக்கா திரையில் தங்கையின் பெயரை விரலால் தொட்டார். "இப்ப அந்த அறை?"

"நேத்து நீங்க அடிக்கச் சொன்னீங்க, அடிச்சேன். அரை மணி நேரத்துல வேற ஊர்லேந்து ஒருத்தர் எடுத்துட்டார். பேரனுக்கு."

"அந்தக் கடைசி ஒண்ணு?"

"அதுவும் ஒதுக்கியிருக்கு. நடக்க முடியாத ஒரு அம்மாவுக்காம், மகன் போன் பண்ணார். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவங்களுக்குத்தான். அவங்க வேணாம்னா உங்களுக்குச் சொல்றேன்."

தராசக்கா குனிந்து திரையைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு எதிரே எழுதியிருந்த போன் நம்பர் அவருக்கு மனப்பாடம். இருபத்தொன்பது வருடமாக ஒலித்துக்கொண்டிருக்கும் அவருடைய ஆபீஸ் நம்பர்.

குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதில்தான் அவருக்குப் பழக்கம், ஒப்புக்கொள்வதில் இல்லை. பையின் வாரை இரண்டு முறை இழுத்துவிட்டார். "அது எங்க ஆபீஸ் ஆள். நான்தான் பேசச் சொன்னேன். உங்களைச் சோதிக்க."

டைக்காரர் முதல்முறையாக டையைத் தளர்த்தினார். "அப்ப அந்த அம்மா?"

"செத்து ஒன்பது வருஷமாச்சு."

"நடக்க முடியாதுன்னாரே!"

"அது பொய்யில்லையே" என்றார் தராசக்கா.

டைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தராசக்கா சிரிக்கவில்லை. "தப்பு என்னுது. என் தங்கச்சி முகத்துக்காக அந்த அறையைக் குடுங்க" என்றார். தப்பு தன்னுடையது என்று அவர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

மீசையிடம் போனில் சம்மதம் வாங்கி, பெயரை மாற்றினார் டைக்காரர். பையிலிருந்து தராசக்கா இரும்பு டேப்பை எடுத்தார். காலையில் தங்கையின் நாற்காலியை அளந்து வைத்திருந்தார். அறுபத்தாறு சென்டிமீட்டர். கப்பல் கதவின் அகலத்தைப் படிவத்திலேயே எழுதி, கம்பெனி முத்திரையோடு வாங்கித் தரவேண்டும் என்றார். எண்பத்தொன்று என்று வந்தது. மற்ற அறைக் கதவு எவ்வளவு என்றும் கேட்டார். ஐம்பத்தெட்டு.

"ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டு கதவுல எட்டு சென்டிமீட்டர் குறைச்சிருக்கான்" என்றார். "நான் கிலோவுக்கு நாப்பது கிராம் குறைச்சவனுக்கு அபராதம் போட்டுட்டிருக்கேன்."

நடக்கிறவன் பத்து நாளுக்கு முன்னால் முடிவு செய்தால் போதும். நடக்க முடியாதவள் பதினாலு மாதம் முந்திக்கொண்டு ஓடவேண்டும். இதற்குச் சலுகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று மாலையே கப்பல் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதினார் தராசக்கா. பதில் வரும் என்று அவர் நம்பவில்லை. அதனால் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

தங்கை படிவத்தை மூன்று முறை படித்தாள். பிறகு, "மீசையோட அம்மாவுக்கு நன்றி சொல்லணும்க்கா" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தையல் மெஷினிலிருந்து நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது.

தராசக்கா மாறிவிட்டார் என்று சந்தையில் யாரும் நினைக்க வேண்டாம். மறு திங்கட்கிழமையே மீன்காரர் ஒருவரின் தராசுக்கு அடியில் காந்தம் பிடிபட்டது. ஆனால் சனிக்கிழமைகளில், தங்கையை எங்காவது கூட்டிக்கொண்டு போவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர் போனை எடுக்கிறார்.

"ஓட்டலுங்களா? உங்க வாசக்கதவு எவ்வளவு அகலம்?"

"சுமாரா ஒரு…"

"சுமார் வேண்டாம். போய் டேப்பை எடுத்துட்டு வந்து அளங்க. நான் லைன்லயே இருக்கேன்."