அண்ணன் விற்ற வீடு

சாந்தாமணிக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. கோபிப் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள். அங்கே காதுகுத்தோ கல்யாணமோ, பொறந்தவன் சீர், அதாவது அண்ணன் தம்பி சீர்வரிசை, வந்தால்தான் விசேஷம் களைகட்டும். அவள் வீட்டு விசேஷங்களில் தூரத்துச் சொந்தத்தில் யாரையாவது இழுத்து வந்து அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அவரும் பந்தி முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். பிறகு அவள் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை, மகள் வான்மதி, கிரீன் கார்டு எல்லாம் வந்தன. அண்ணன் இல்லாத குறை மட்டும் போகவில்லை.

அப்படிப்பட்டவளிடம் அங்கே தமிழர்கள் நடத்திய ஒரு பொங்கல் விழாவில் ஜெயபிரகாஷ் என்பவர் வந்து, "அம்மிணி, உங்களுக்கு என்ன குலதெய்வம்?" என்று கேட்டார். சொன்னாள். "அட, எங்க சாமி! அப்ப நீ எனக்குத் தங்கச்சி முறையாச்சே" என்றார். அவ்வளவுதான், சாந்தாமணி உருகிப்போனாள். வான்மதி பெரியவளானபோது தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தது அவர்தான். அன்று இரவு அவள் சந்தோஷத்தில் அழுததைப் பார்த்து அவள் கணவர் நஞ்சுண்டனே பயந்துவிட்டார்.

டெக்சஸில் வேலை கிடைத்ததும் ஜெயபிரகாஷ் தன் வீட்டை விற்க நினைத்தார். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வல்ல அம்மிணி, நீயே எடுத்துக்க" என்றார். ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒரு எச்சரிக்கை சொன்னாள். அந்தக் காலத்து வீடு, எண்ணெயில் ஹீட்டர் ஓடியிருக்கும், பழைய எண்ணெய்த் தொட்டி மண்ணுக்கடியில் கிடக்கலாம், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றாள். நஞ்சுண்டன் சரி என்றார். சாந்தாமணிதான் குதித்தாள்.

"ஏனுங்க, அண்ணன் வீட்டுல போயி மிசினு வெச்சு நோண்டிப் பாக்கறதா? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

வெள்ளைக்காரன் சொந்த அப்பன் வீட்டை வாங்கினாலும் ஸ்கேன் எடுப்பான். எடுத்துவிட்டு அதே அப்பனோடு உட்கார்ந்து சாயங்காலம் பீர் குடிப்பான். நமக்கு அந்த ஞானம் வராது. ஸ்கேன் எடுக்காமலே வீடு கைமாறியது. கிரகப்பிரவேசத்துக்கு ஜெயபிரகாஷ் பட்டுப்புடவையோடு வந்து அண்ணன் முறை செய்தார். கொல்லையில் செங்கல் மேடையில் இருந்த பிள்ளையாரைக் காட்டி, "என் கையாலயே கட்டின மேடை அம்மிணி. இத மட்டும் இடிச்சுப் போடாத, ராசி போயிரும்" என்றார். இடிப்பாளா அவள்? தினமும் காலையில் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

இந்த வருடம் மழை விடாமல் பெய்தபோது பேஸ்மென்டில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கருவியோடு இரண்டு பேர் வந்து கொல்லை முழுக்க நடந்தார்கள். கருவி பிள்ளையாரிடம் வந்துதான் கத்தியது. பிள்ளையாரைச் சமையலறை மேசைக்குக் குடிமாற்றிவிட்டு மேடையை உடைத்தார்கள். அடியில் தரையோடு தரையாக ரம்பத்தால் அறுத்த, எண்ணெய் ஊற்றும் இரும்புக் குழாய், வாயில் சிமென்ட் பூச்சு. அதற்கும் கீழே தொட்டி, சல்லடையாக ஓட்டை விழுந்து கிடந்தது. சுற்றிலும் மண் கறுத்து நாறியது.

மாநில அரசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். இவர்களும் சொன்னார்கள். எண்ணெய் யார் காலத்தில் கசிந்திருந்தாலும் இன்றைக்கு நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்கள்தான் தங்கள் செலவில் மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். இன்சூரன்ஸ்காரன் இது எங்கள் கணக்கில் வராது என்று கைவிரித்தான். வாரக்கணக்கில் தோண்டினார்கள். பள்ளம் பக்கத்து வீட்டு வேலியைத் தொட்டது. அந்த வீட்டுக்காரம்மா பார்த்தால் கையசைப்பதை நிறுத்திவிட்டாள்.

குழாய் தன்னைத்தானே அறுத்துக்கொண்டு சிமென்டும் பூசிக்கொள்ளாது. அதன் வாயில் இருந்ததும் மேடைச் செங்கல்லுக்குப் போட்டதும் ஒரே கலவை. பள்ளத்து விளிம்பில் நின்று சாந்தாமணி அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அண்ணனுக்காக மனசுக்குள் சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள். நஞ்சுண்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அவருக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டாத்தான் வழி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்" என்றார் அவர். அவள் போடாமல் இழுத்தடித்தாள். வான்மதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமனாக நிற்க ஜெயபிரகாஷ் டிக்கெட்டே எடுத்துவிட்டார். வான்மதியோ, "மாம், இட்ஸ் ஜஸ்ட் எ ரிச்சுவல், வெறும் சடங்கு" என்று தோளைக் குலுக்கினாள். பிறந்ததிலிருந்து மாமன் இருந்த பெண்ணைப் போல அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது.

கடைசியில் நஞ்சுண்டனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டுத் தொட்டியைப் பற்றிக் கேட்டாள்.

"அய்யோ அம்மிணி, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார் அவர். "நீ வக்கீலு கிக்கீலுன்னு போனீன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்து சீர் செய்யறது? உனக்கு அண்ணன் வேணுமா வேண்டாமா, நீயே யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேனுங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு. உங்க பையன் சுஹாஸ் மேல சத்தியமா அந்தத் தொட்டி சமாச்சாரம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிப் போடுங்க. நான் கையெழுத்தே போடல. நீங்க கல்யாணத்துக்கு வந்து நில்லுங்க."

அவள் மனதாரத்தான் சொன்னாள். பொய்ச் சத்தியமானாலும் நம்பிவிடத் தயாராக இருந்தாள். சொல்லிவிடு அண்ணா, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அந்தப் பக்கம் ஜெயபிரகாஷ் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அதெல்லாம் எதுக்கு அம்மிணி… கொழந்த மேல போயி…"

குழந்தைக்கு இருபத்தைந்து வயது, டல்லாஸில் கார் ஓட்டிக்கொண்டு திரிகிறான். அவன் தலைமேல் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பெற்ற பிள்ளை ஆயிற்றே, ஏதாவது ஆகிவிட்டால்? வாயால் தங்கச்சி என்று கூப்பிட்டவளுக்கு என்ன ஆனாலும் ஒன்றுமில்லை. சாந்தாமணிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நஞ்சுண்டன் காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

"கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் குடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"தாய்மாமன்னு போட்டிருக்கற பேரை எடுத்துப் போடுங்க."

"அப்ப யாரு பேரைப் போடறது?"

"யாரு பேரும் வேண்டாங்க" என்றாள் சாந்தாமணி. "எனக்குத்தான் பொறந்தவங்க யாரும் இல்லீங்களே."